‘வெப்பமான மாதம்’னு போடுறீங்க, எதோட ஒப்பிட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசாமாசம் உங்க பேப்பர்ல உலகச் செய்திப் பக்கத்துல ஓரமா ரெண்டு பத்தி வருது, "உலகின் வெப்பமான மாதம்"னு. அதைத் தவறாம தேடிப் படிக்கிற ஆளு நான். அந்தச் செய்தியைப் பத்தித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முழுசா போட்டா சந்தோஷம், இடம் இல்ல வெட்டித்தான் ஆகணும்னா கடலைப் பத்தி எழுதியிருக்கிறதை மட்டும் விட்டு வைங்க.

2024 ஆகஸ்ட்டை எடுத்துக்குங்க. மாசத் தொடக்கத்துல ஐரோப்பாவோட காலநிலைக் கணக்கு எடுக்கிற கோப்பர்நிக்கஸ் அமைப்பு சொன்னதை வெச்சு ஒரு செய்தி போட்டீங்க. 13 மாசமா விடாம ஓடிட்டிருந்த வெப்ப ரெக்கார்டு நின்னுபோச்சு, 2024 ஜூலை இதுவரை பதிவானதுல ரெண்டாவது வெப்பமான மாசம்தான்னு. சரின்னு படிச்சுட்டு விட்டாச்சு. கொஞ்ச நாள்லயே அமெரிக்காவோட கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா சொன்னதை வெச்சு இன்னொண்ணு போட்டீங்க, அதே 2024 ஜூலைதான் 175 வருஷப் பதிவுலயே வெப்பமான ஜூலை, தொடர்ந்து 14வது ரெக்கார்டு மாசம்னு. ஒரே பேப்பர், ஒரே பக்கம். போன செய்தியில ஒரு மாதிரி சொன்னோமே, இப்போ வேற மாதிரி இருக்கேன்னு ஒரு வரி விளக்கம் இல்ல. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க சொல்லுங்க, ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க, இதுல ஒண்ணும் நம்புறதுக்கில்லன்னுதானே.

ஆனா உண்மையில ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க. கோப்பர்நிக்கஸ் கணக்குல 2023 ஜூலை 16.95 டிகிரி, 2024 ஜூலை 16.91 டிகிரி. வித்தியாசம் 0.04. நோவா கணக்குல அதே மாதிரி பொடி வித்தியாசம், ஆனா எதிர்ப்பக்கமா. மொத்த பூமிக்கும் சேர்த்து ஆவரேஜ் எடுக்கும்போது இந்த அளவு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், ஏன்னா கோப்பர்நிக்கஸ்காரங்க சாட்டிலைட், பலூன், கப்பல், நிலையம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மாடலுக்குள்ள போட்டு இடைவெளியை நிரப்பிக் கணக்கு எடுக்கிறாங்க, நோவாக்காரங்க நிலத்துல இருக்கிற வெப்பமானி, கடல்ல இருக்கிற மிதவை, கப்பல் இதுல வந்த அளவுகளைக் கட்டம் கட்டமா பிரிச்சு எடுக்கிறாங்க. ரெண்டு ஜூலையும் தோளோட தோள் நின்னுதுங்கிறதுதான் செய்தி. "ரெக்கார்டு முறிஞ்சுது"ன்னு ஒருநாளும் "ரெக்கார்டு தொடருது"ன்னு இன்னொரு நாளும் போட்டதால அந்தச் செய்தி மட்டும் யாருக்கும் போய்ச் சேரல.

அடுத்த குழப்பம், எத்தனை டிகிரி அதிகம்ங்கிறது. இதே 2024 ஜூலை, கோப்பர்நிக்கஸ் கணக்குல 1991லேருந்து 2020 வரைக்குமான ஜூலைகளோட ஆவரேஜை விட 0.68 டிகிரி அதிகம். நோவா போன நூற்றாண்டு முழுசுக்கும் ஆவரேஜ் எடுத்து அதோட ஒப்பிடுது, அதுல 1.21 அதிகம். தொழிற்சாலைகள் பெருகுறதுக்கு முன்னாடி இருந்த காலம்னு 1850லேருந்து 1900 வரைக்கும் எடுத்து கோப்பர்நிக்கஸே இன்னொரு கணக்கும் சொல்லுது, அதுல 1.48. நாசா 1951லேருந்து 1980ஐ வெச்சு ஒப்பிடுது. ஒரே மாசம், ஆனா ஒப்பிடுற காலம் நாலு விதம். மாடியில நிக்கிற ஆளோட உயரத்தைத் தரையிலேருந்து அளந்தா ஒண்ணு வரும், அஞ்சாவது படியிலேருந்து அளந்தா ஒண்ணு வரும், ஆளு என்னமோ அதே இடத்துலதான் நிக்கிறாரு. உங்க செய்தியில நம்பர் மட்டும் இருக்கு, எந்தப் படியிலேருந்து அளந்ததுன்னு இருக்கிறதே இல்ல. இந்த மாசம் 0.7, போன மாசம் 1.2ன்னு போட்டா பூமி ஒரே மாசத்துல அரை டிகிரி குளிர்ந்துடுச்சுன்னு நினைக்கிறவங்களை நான் பாத்திருக்கேன், அவங்க மேல தப்பு இல்ல.

ரெக்கார்டுலயும் ரெண்டு வகை இருக்கு, அதையும் போட்டுக் குழப்புறீங்க. பூமிக்கு மொத்தமா எடுத்தா ஜூலைதான் வழக்கமா வெப்பமான மாசம், ஜனவரி பக்கம்தான் குளிர்ச்சி, ரெண்டுக்கும் நடுவுல நாலு டிகிரி கிட்ட வித்தியாசம். வேடிக்கை என்னன்னா சூரியனுக்குப் பூமி ரொம்பக் கிட்ட வர்றது ஜனவரி ஆரம்பத்துலதான், ஜூலையை விட சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்துல. அப்படியும் ஜூலைதான் ஜெயிக்குது, ஏன்னா நிலம் அதிகமா இருக்கிறது வடக்குப் பாதியில, நிலம் சட்டுனு சூடாகும், தெற்குப் பாதி பெரும்பாலும் தண்ணி, அது லேசுல சூடாகாது. அதனால "இதுவரை பதிவானதிலேயே வெப்பமான மாதம்"ங்கிற பட்டம் ஜூலைக்கோ ஆகஸ்ட்டுக்கோதான் வர முடியும். ஒரு ஜனவரியைப் பத்தி அப்படி எழுதினா அது தப்பு, ஜனவரிகளுக்குள்ள வெப்பமான ஜனவரின்னுதான் எழுதணும். சின்ன விஷயம்தான், ஆனா உங்க தலைப்புல இது ரெண்டு தடவைக்கு மேலயே தடுமாறியிருக்கு.

ஜனவரின்னதும் 2025 ஜனவரி ஞாபகம் வருது, ஒத்தை நம்பர் ஏன் பத்தாதுன்னு காட்ட அதை விட நல்ல மாசம் கிடையாது. அந்த மாசம் 21ஆம் தேதி அமெரிக்காவோட தெற்குக் கரையில பனிப்புயல் எச்சரிக்கை விட்டாங்க, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல ரோடெல்லாம் வெள்ளையாகுற அளவுக்குப் பனி கொட்டுச்சு. பனியையே அபூர்வமா பாக்குற ஊரு அது. மொத்த அமெரிக்காவுக்கும் அந்த ஜனவரி வழக்கத்தை விடக் குளிர்ச்சிதான். ஆனா உலக ஆவரேஜ் 13.23 டிகிரி, பதிவுலயே வெப்பமான ஜனவரி, தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தின அளவை விட 1.75 டிகிரி அதிகம். எப்படி? கனடாவோட வடகிழக்கும் வடமேற்கும், அலாஸ்கா, சைபீரியா இங்கெல்லாம் வழக்கத்தை விட ரொம்ப அதிகமா சூடு இருந்துச்சு, அங்கே கேமரா கம்மி, ஆளும் கம்மி. கேமரா எங்கே இருக்கோ அங்கே பனி. டிவியில பனியையும் பேப்பர்ல ரெக்கார்டையும் ஒரே வாரத்துல பாத்தவங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க. ஒரு மேப், கையகலத்துக்கு ஒரு மேப், சிவப்பும் நீலமுமா போட்டிருந்தா ஒரு வார்த்தை எழுத வேண்டாம், பாத்ததுமே புரிஞ்சிருக்கும்.

அந்த மாசத்துல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, அதுதான் பெரிய செய்தி, அது உங்க பேப்பர்ல வரவே இல்ல. அப்போ பசிபிக் கடல்ல லா நினா நிலைமை, அதாவது பூமத்திய ரேகைப் பக்கம் மேல்தண்ணி வழக்கத்தை விடக் குளிர்ந்து கிடக்கிறது. பொதுவா லா நினான்னா உலக ஆவரேஜ் கொஞ்சம் இறங்கணும். இறங்காம ரெக்கார்டு வந்துச்சு, ஆராய்ச்சியாளர்களுக்கே அது ஆச்சரியம். 2023 நடுவுல ஏறின சூடு ஏன் இவ்வளவு வேகமா ஏறுச்சுன்னே இன்னும் வாதம் ஓடிட்டிருக்கு, அதுக்கு நேர்மாறா அந்தத் தண்ணி சூடாகுற எல் நினோ ஒரு காரணம், 2020லேருந்து கப்பல் எரிபொருள்ல கந்தகத்தை 3.5 சதவீதத்துலேருந்து 0.5 சதவீதமா குறைச்சதால கடல் மேல வெயிலைத் திருப்பி அனுப்புற மேகம் குறைஞ்சுதான்னு ஒரு கேள்வி, இப்படிப் போகுது. முடிவு தெரியாத விஷயம்னா செய்தி இல்லன்னு நினைக்கிறீங்களோ என்னமோ, எனக்கு அதுதான் சுவாரசியமா இருக்கு.

1.5 டிகிரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிடுறேன். ஒரு மாசம் 1.5ஐத் தாண்டினதும் "பாரிஸ் ஒப்பந்த எல்லை உடைந்தது"ன்னு போட்டுடுறீங்க. தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தின அளவை விட 1.5 டிகிரிக்கு மேல சூடு ஏறாம பாத்துக்க முயற்சி பண்றோம்னு நாடுகள் போட்ட ஒப்பந்தம் அது, அதுல சொல்றது பல வருஷ ஆவரேஜ், சாதாரணமா 20 வருஷ அளவுல எடுக்கிறது. 2024 முழு வருஷமே கோப்பர்நிக்கஸ் கணக்குல 1.60, உலக வானிலை அமைப்பு ஆறு கணக்குகளைச் சேர்த்துச் சொன்னது 1.55. அதுகூட ஒரு வருஷம்தான், எல்லை உடைஞ்சதா அர்த்தம் இல்ல, உடையுற பக்கமா போயிட்டிருக்குன்னு அர்த்தம். இப்பவே உடைஞ்சுதுன்னு அஞ்சாறு தடவை எழுதிட்டா நிஜமா உடையுற அன்னிக்கு எழுத வார்த்தை இருக்காது.

சரி, மழைக்கு வரேன். வெப்பத்துக்காவது ஒரு நம்பர் போடுறீங்க, மழைக்கு அதுவும் இல்ல, வெள்ளம் வந்தா மட்டும்தான் போட்டோவோட செய்தி. மழையை உலகத்துக்கு மொத்தமா ஆவரேஜ் எடுத்தா ஒண்ணும் தெரியாதுங்கிறது உண்மைதான், ஒரு இடத்துல கொட்டினதும் இன்னொரு இடத்துல ஏமாத்தினதும் கூட்டிக் கழிச்சு சாதாரணமாத்தான் வரும். மாச மொத்தம்கூட ஏமாத்தும். 2024 அக்டோபர் 29ஆம் தேதி ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் தூரிஸ்ங்கிற ஊர்ல 24 மணி நேரத்துல 771.8 மில்லிமீட்டர் பெய்ஞ்சுது, அதுல ஒரே ஒரு மணி நேரத்துல மட்டும் 184.6 மில்லிமீட்டர், அது அந்த நாட்டோட ரெக்கார்டு. 220 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அந்த மாச மழை மேப்பைப் பாத்தா அந்த இடத்துல ஒரு கரும்பச்சைப் பொட்டு இருக்கும், ஒரு நாள்ல கொட்டுச்சா முப்பது நாள்ல தூறுச்சான்னு அந்தப் பொட்டு சொல்லாது. 2023 செப்டம்பர்ல லிபியாவுல டேனியல் புயல் வந்தப்போ அல் பைதாவுல ஒரே நாள்ல 414 மில்லிமீட்டர், அந்தப் புயல் கொட்டின தண்ணிதான் டெர்னா நகரத்துக்கு மேல இருந்த அணைகளை உடைச்சு ஆயிரக்கணக்கான பேரை அடிச்சுட்டுப் போச்சு. செப்டம்பர்ல மழையே பெரிசா எதிர்பாக்காத ஊரு. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவியைத் தாங்கும், பெய்யும்போது மொத்தமா இறக்கிடும், பெய்யாத இடத்துல மண்ணுலேருந்து அதே வேகத்துல உறிஞ்சவும் செய்யும். ஒரே மாசத்துல ஒரு கண்டத்துல வெள்ளம் இன்னொரு கண்டத்துல வறட்சின்னா ரெண்டும் முரண் இல்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாத்தான் அது தெரியும், தனித்தனியா வேற வேற நாள்ல போட்டா தெரியாது.

மழையை அளக்கிறதுலயும் ஒரு சங்கதி இருக்கு, பலருக்குத் தெரியாது. உலகத்துல இருக்கிற மழைமானிகளோட வாயை எல்லாம் ஒண்ணா சேர்த்து வெச்சாலும் பாதி கால்பந்து மைதானம்கூட நிரம்பாதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. அவ்வளவு பரப்புல விழுந்த மழையை வெச்சுத்தான் பூமியில விழுந்ததைச் சொல்லணும். கடல் மேல மழைமானி ரொம்ப ரொம்பக் கம்மி, ஆனா பெரும்பகுதி மழை விழுறது கடல் மேலதான். அதனாலதான் 2014ல நாசாவும் ஜப்பானும் சேர்ந்து மழையை அளக்கிறதுக்குன்னே ஒரு சாட்டிலைட் அனுப்பினாங்க, அதை மத்த சாட்டிலைட்களோட சேர்த்து அரை மணிக்கு ஒரு தடவை மேப் வருது. ஜெர்மனியில ஒரு மையம் உலகத்துல இருக்கிற மழைமானிக் கணக்கையெல்லாம் வாங்கிச் சரிபாத்து மாசாமாசம் தொகுக்குது. இதெல்லாம் இலவசமா யாரு வேணா எடுத்துக்கலாம்.

இப்போ கடல். மனுஷன் காத்துல விடுற கார்பன் டை ஆக்சைடு மாதிரி வாயுக்களால பூமியில தங்குற கூடுதல் சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல கடலுக்குள்ளதான் போகுது, நாம பேப்பர்ல சண்டை போடுற காத்தோட சூடு அதுல ஒரு சின்னத் துண்டு. கடலை விட்டுட்டு மாச வெப்பத்தைப் பத்தி எழுதுறது பாதிக் கணக்குகூட இல்ல. 2024 மார்ச்ல துருவப் பக்கங்களை விட்டுட்டு மத்த கடல் மேல்மட்ட ஆவரேஜ் 21.07 டிகிரி போச்சு, அதுவரைக்கும் எந்த மாசமும் அந்த அளவு போனதில்ல. அடுத்த மாசமே நோவா, பவளப்பாறைகள் சூடு தாங்காம உலக அளவுல வெளுக்குற நிகழ்வு நாலாவது தடவையா நடந்துட்டிருக்குன்னு அறிவிச்சுது. மார்ச் நம்பரும் ஏப்ரல் அறிவிப்பும் ஒரே கதையோட ரெண்டு பக்கம். உங்க பேப்பர்ல பவளப்பாறை சுற்றுலாப் பக்கத்துல படமா வந்துச்சு.

கடலுக்குள்ள சூடு எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவையாவது எழுதுங்களேன், பசங்க விரும்பிப் படிப்பாங்க. ஆர்கோன்னு சொல்ற மிதவைகள் சுமார் 4000 உலகக் கடல்கள்ல சுத்திட்டிருக்கு. ஆள் உயரத்துக்கு ஒரு உருளை, தலையில ஒரு ஆன்டெனா. அது 1000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி நீரோட்டம் போற போக்குல ஒன்பது நாள் போல சும்மா மிதந்துட்டே இருக்கும், அப்புறம் 2000 மீட்டருக்கு இறங்கி அங்கேருந்து மெதுவா மேல வரும்போது ஒவ்வொரு ஆழத்துலயும் வெப்பம், உப்பு எவ்வளவுன்னு அளந்துட்டே வரும். மேல வந்ததும் சாட்டிலைட்டுக்கு அனுப்பிட்டு மறுபடி முங்கிடும். பத்து நாளைக்கு ஒரு சுத்து, பேட்டரி தீர்ற வரைக்கும் வருஷக்கணக்கா இதே வேலை. இது வர்றதுக்கு முன்னாடி கப்பல் போற பாதையில மட்டும்தான் அளவு, அண்டார்டிகாவைச் சுத்தியிருக்கிற தெற்குக் கடல்ல குளிர்காலத்துல என்ன நடக்குதுன்னு கிட்டத்தட்ட இருட்டுதான்.

எல் நினோ பத்தியும் சொல்லாம முடியாது. பசிபிக்ல பூமத்திய ரேகைப் பக்கம் கிழக்குலேருந்து வீசுற காத்து சூடான மேல்தண்ணியை மேற்கே இந்தோனேசியாப் பக்கம் தள்ளிட்டே இருக்கும், பெரு கரையோரம் அடியிலேருந்து குளிர்ந்த தண்ணி மேல வரும். காத்து தளர்ந்தா சூடான தண்ணி கிழக்கே சரிஞ்சு வரும், மேகமும் மழையும் அதோடவே நகரும். மத்திய பசிபிக்ல ஒரு நீள்சதுரப் பகுதியோட கடல் வெப்பம் வழக்கத்தை விட 0.5 டிகிரி கூடி அது பல மாசம் நீடிச்சா எல் நினோன்னு அமெரிக்கா சொல்லுது, ஆஸ்திரேலியா 0.8 தாண்டணும்னு வெச்சிருந்துச்சு, அதனால ஒரு நாடு வந்துடுச்சுங்கும் இன்னொரு நாடு இன்னும் வரலங்கும், இதுவும் உங்க பேப்பர்ல முரண்பட்ட செய்தியா வந்து போச்சு.

இந்தக் கடல் மாற்றம் எங்கெல்லாம் போய் முட்டுதுன்னு பாருங்க. 2023 எல் நினோவுல பனாமாவுல மழை குறைஞ்சு கால்வாய்க்குத் தண்ணி குடுக்குற காத்துன் ஏரி வத்திப்போச்சு. ஒரு கப்பலை ஏத்தி இறக்க சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணி வேணும். ஒரு நாளைக்கு 36 கப்பல் போற இடத்துல 22, 24ன்னு குறைச்சாங்க, கப்பலெல்லாம் வெளியில காத்துக்கிடந்துச்சு. அமேசான்ல மனாவுஸ் நகரத்துக்கிட்ட ரியோ நீக்ரோ ஆறு 2023 அக்டோபர்ல, நூறு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கிற பதிவுலயே குறைஞ்ச மட்டத்துக்கு இறங்குச்சு, 2024 அக்டோபர்ல அதையும் தாண்டி இன்னும் கீழ போச்சு. அங்கே பசிபிக் மட்டும் காரணம் இல்ல, வட அட்லாண்டிக்கோட வெப்பமண்டலப் பகுதியும் சூடா கிடந்து மழைப் பட்டையை வடக்கே இழுத்துடுச்சு. 2024 தொடக்கத்துல ஆப்பிரிக்காவோட தெற்குப் பகுதியில மழை ஏமாத்தி ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூணும் பேரிடர்னு அறிவிச்சாங்க. இதெல்லாம் தனித்தனிச் செய்தியா எங்கேயோ ஒரு மூலையில வந்துச்சு, கடல் மேப்பையும் மழை மேப்பையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா ஒரே செய்தி.

ஆனா எல் நினோ வந்தா இங்கே வறட்சி, அங்கே வெள்ளம்னு ஜோசியம் மாதிரி எழுதவும் வேண்டாம். 1997ல ரொம்ப பலமான எல் நினோ, இந்தியப் பருவமழை கிட்டத்தட்ட வழக்கம்போலவே பெய்ஞ்சுது, அந்த வருஷம் இந்தியப் பெருங்கடலோட மேற்குப் பக்கம் சூடாவும் கிழக்குப் பக்கம் குளிர்ச்சியாவும் இருந்தது ஒரு காரணம்னு சொல்றாங்க. 2019ல அதே மாதிரி பெருங்கடல் ரெண்டா பிரிஞ்சு நின்னப்போ கிழக்கு ஆப்பிரிக்காவுல வெள்ளம், ஆஸ்திரேலியாவுக்கு அதோட பதிவுலயே வறண்ட வருஷம், காட்டுத்தீ. எல் நினோ அந்த வருஷம் பெரிசா ஒண்ணும் இல்ல. வாய்ப்பு கூடும் குறையும்னுதான் எழுத முடியும், "வரும்", "பொய்க்கும்"னு எழுதினா மறுபடியும் பழைய கதைதான், நடக்கலன்னா வாசகர் திட்டுவாங்க.

இதுக்கெல்லாம் தனி ஆளு போடணுமான்னு கேப்பீங்க. வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது. கோப்பர்நிக்கஸ் போன மாசக் கணக்கை முதல் வாரத்தை ஒட்டியே வெளியிட்டுடுறாங்க, நோவா மாச நடுவுல. ரெண்டுக்கும் காத்திருந்து ஒரே செய்தியா போட்டா முதல்ல சொன்ன குழப்பமே வராது. எப்பவாவது தாமதமாகலாம், 2024 செப்டம்பர் கடைசியில ஹெலீன் புயல் அமெரிக்காவோட ஆஷ்வில் நகரத்தைப் புரட்டிப் போட்டப்போ நோவாவோட காலநிலை டேட்டா மையமே அங்கேதான் இருந்துச்சு, உலக வானிலைக் கணக்கு வெச்சிருக்கிற இடத்தையே வானிலை முடக்கிடுச்சு, அந்த மாசம் ரிப்போர்ட் லேட்டுதான். அப்படிப்பட்ட மாசத்துல லேட்டுன்னே போடுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

வெப்பம், மழை, கடல்னு மேப் மூணு போட இடம் இருக்கா, கலர்ல வருமா, அதெல்லாம் நீங்க உங்க ஆட்களோட பேசிக்குங்க. அடுத்த மாசச் செய்தி வரும்போது எந்த வருஷங்களோட ஆவரேஜோட ஒப்பிட்டதுன்னு ஒரு வரி, பசிபிக் கடல் இப்போ எந்த நிலையில இருக்குன்னு ஒரு வரி, இந்த ரெண்டை மட்டும் சேர்த்துப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை விடாம படிக்கிற வாசகர் ஒருத்தர்